பழைய டீசல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போறேன், எதெல்லாம் பாக்கணும்?

புதுசாரதி:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் பெட்ரோல் மேனுவல் மட்டும்தான் ஓட்டியிருக்கேன். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து இடது கால்ல அழுத்தம் குடுக்க முடியல, அவரும் ஓட்டற மாதிரி க்ளட்ச் பெடல் இல்லாத வண்டி வேணும், குடும்பத்தோட தூரப் பயணமும் அடிக்கடி போவோம், அதனால டீசல் ஆட்டோமேட்டிக்னு முடிவு பண்ணிட்டோம். ஒண்ணு பாத்தும் வச்சிருக்கேன். 7 வருஷ வண்டி, மீட்டர்ல 82,000 கிமீ காட்டுது, ஒரே ஓனர்.

நேத்து போய் பாத்தேன், பெயிண்ட், டயர், சீட் எல்லாம் நல்லா இருக்கு, பத்து நிமிஷம் தெருவுக்குள்ள ஓட்டினேன், அலுங்காம குலுங்காம போச்சு. ஆனா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுன்னா செலவு தாங்காதுன்னு கூட வேலை பாக்கறவர் சொன்னதுல இருந்து மனசு அடிச்சுக்குது. நான் போய் நிக்கும்போதே இன்ஜின் ஓடிட்டுதான் இருந்துச்சு, நீங்க வர்றீங்கன்னு ஏசி போட்டு வச்சேன்னு ஓனர் சொன்னார். இதுல ஏதாவது விஷயம் இருக்கா? மறுபடி போகும்போது எதையெல்லாம் பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கிரீஸ்கை:

தம்பி, நீங்க கடைசியா சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன். சூடான இன்ஜினைப் பாத்துட்டு டீசல் வண்டி வாங்கவே வாங்காதீங்க. டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அழுத்துற சூட்டுலதான் எரியுது, அதனால கம்ப்ரஷன் கம்மியா இருந்தாலும் ஸ்டார்ட் பண்ண சூடேத்திக் குடுக்கற க்ளோ பிளக் செத்திருந்தாலும் டீசலைப் பீச்சற இன்ஜெக்டர் ஒழுகினாலும் காலைல முதல் ஸ்டார்ட்லதான் அது வெளிய வரும், சூடாயிட்டா பாதி நோய் ஒளிஞ்சுக்கும். ஏசிக்காக ஓட விட்டேன்னு அவர் சொன்னது நிஜமாவும் இருக்கலாம், அவரைத் தப்பா நினைக்க வேண்டாம். ஆனா அடுத்த தடவை முந்தின ராத்திரியே போன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. போனதும் முதல்ல பானட் மேல கை வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கணும்.

சாவி போட்டதும் மீட்டர்ல எல்லா லைட்டும் எரியணும், இன்ஜின் லைட் எரிஞ்சு ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அது எரியவே இல்லைன்னா யாரோ அதை மறைச்சிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போது கூட ஒருத்தரை சைலன்சர் பின்னாடி நிக்க வைங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசல் அதிகமா போகுது இல்ல காத்து பத்தல, டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், எரிஞ்ச புகைல கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற இஜிஆர் வால்வ் அடைச்சிருக்கலாம். வெள்ளைன்னா டீசல் எரியாம வருது, இல்ல கூலன்ட் உள்ள போகுது. குளிர்ல கொஞ்சம் ஆவி வர்றது சகஜம், அது ரெண்டு நிமிஷத்துல நிக்கணும், நிக்காம இனிப்பு வாடை அடிச்சா அங்கயே கும்புடு போட்டுட்டு வந்துடுங்க. டைமிங் செயின் உள்ள இன்ஜின்னா முதல் சில செகண்ட் கலகலன்னு சங்கிலி ஆட்டுற சத்தம் வருதான்னு கேளுங்க, பெல்ட்னா எப்ப மாத்தினாங்கன்னு பில்லைக் கேளுங்க, வாய் வார்த்தை வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியை மெதுவா திறந்து பாருங்க. லேசா மூச்சு மாதிரி வந்தா பரவால்ல, புகைக்கூண்டு மாதிரி பொங்கிட்டு வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு.

இப்ப கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக்னு ஒரே பேர் சொன்னாலும் உள்ள இருக்கறது வேற வேற சாமான், உங்க வண்டில இருக்கறது டார்க் கன்வெர்ட்டரா (ஆயில் வழியா இன்ஜின் சுழற்சியைக் கடத்தறது), டிசிடியா (ரெண்டு க்ளட்ச் மாத்தி மாத்தி வேலை செய்யறது), ஏஎம்டியா (மேனுவல் கியர்பாக்ஸையே வண்டி தானா மாத்திக்கறது)ன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா சாகும். எதுவா இருந்தாலும் வண்டி நின்ன இடத்துல பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு பி (பார்க்)ல இருந்து ஆர் (ரிவர்ஸ்), ஆர்-ல இருந்து என் (நியூட்ரல்), அப்புறம் டி (டிரைவ்)னு மாத்திப் பாருங்க, ஏஎம்டில பெரும்பாலும் பி இருக்காது, என்-ல இருந்து ஆரம்பிங்க. மாத்தினதும் ஒரு செகண்டுக்குள்ள பிடிக்கணும். டி-ல போட்டு ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சு டங்குனு இடிச்சுப் பிடிச்சா உள்ள ஆயில் ப்ரெஷர் சரியில்லாம இருக்கலாம்.

டார்க் கன்வெர்ட்டர்னா பெரிய ரோட்டுக்கு எடுத்துட்டு போயே ஆகணும். 60ல இருந்து 80 கிமீ வேகத்துக்குள்ள ஆக்சிலேட்டரை லேசா மட்டும் வச்சுக்கிட்டு அப்படியே ஒரே வேகத்துல போங்க. அப்பதான் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டற லாக்-அப் க்ளட்ச் உள்ள பிடிக்கும். ரோட்ல போட்டிருக்கற வரி வரியான தடுப்பு மேல ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வண்டி பூரா வந்து ஒரு செகண்ட்ல மறைஞ்சா அதுதான் ஷடர். ரோடு மோசம்னு நினைச்சு விட்டுடுவாங்க, நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். தெருவுக்குள்ள பத்து நிமிஷம் ஓட்டினா இது வரவே வராது. கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் விர்ருனு ஏறி வேகம் ஏறலைன்னா க்ளட்ச் வழுக்குது.

டிசிடி, ஏஎம்டி ரெண்டையும் டிராஃபிக்ல ஊர்ந்து பாருங்க. பிரேக்கை மெதுவா விடும்போது முதல் ரெண்டு கியர்ல வண்டி கடகடன்னு உதறினா க்ளட்ச் தேய்மானம். மேட்டுல ரிவர்ஸ் எடுத்தும் பாருங்க. வண்டிய அணைக்கும்போது கீழ இருந்து தகரம் தட்டுற சத்தம் வந்தா, இன்ஜின் அதிர்வைத் தாங்கற டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேஞ்சிருக்கலாம்.

சில பேர் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிச்சு ஸ்டால் டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க. அடுத்தவங்க வண்டில அது வேண்டாம், சில செகண்ட்ல ஆயில் கொதிச்சுடும்.

நீலவானம்:

கிரீஸ்கை அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் டிபிஎஃப்ங்கற புகை ஃபில்டர் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா எங்க வீட்ல அதுல அனுபவிச்சோம். நாங்க வாங்கின டீசல் ஆட்டோமேட்டிக்ல கிமீ ரொம்ப கம்மி, அதைப் பாத்துதான் ஆசைப்பட்டு வாங்கினோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, முன்னாடி வச்சிருந்தவங்க அதை பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டு கூட்டிட்டு வர மட்டும்தான் எடுத்திருக்காங்க, ஒரு தடவைக்கு மூணு கிலோமீட்டர் கூட இருக்காது. டீசலுக்கு அதுதான் விஷம்.

புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்தான் டிபிஎஃப். அது நிறைஞ்சதும் வண்டி தானா கூடுதல் டீசல் விட்டு சைலன்சர் பக்கம் சூட்டை 600 டிகிரி பக்கத்துல ஏத்தி அந்தக் கரியை எரிச்சுடும், அதைத்தான் ரீஜென்னு சொல்றாங்க. அதுக்கு வண்டி நிக்காம ஒரு பதினஞ்சு இருபது நிமிஷமாவது ஓடணும். பாதில வண்டிய அணைச்சுட்டா எரியாத டீசல் ஆயில்ல போய் சேரும். எங்க வண்டில டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தப்ப ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவுக்கு நின்னுச்சு, என் வீட்டுக்காரர் அப்பாடா ஆயில் நிறைய இருக்குன்னுதான் சொன்னார். மெக்கானிக் அதை மோந்து பாத்துட்டு டீசல்மான்னு சொன்னார், விரல்ல தேய்ச்சா தண்ணி மாதிரி ஓடுச்சு. அந்த ஆயில்லதான் டர்போ ஓடிட்டு இருந்திருக்கு. அதனால ஆயில் கம்மியா இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அதிகமா இருக்கான்னும் பாருங்க.

இன்னொண்ணு, இன்ஜின் ஆறி இருக்கும்போது சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. டிபிஎஃப் உள்ள வண்டில விரல் கிட்டத்தட்ட சுத்தமா வரணும், மை மாதிரி அப்பிக்கிச்சுன்னா ஃபில்டர் உடைஞ்சிருக்கு இல்ல கழட்டிட்டாங்க. கழட்டின வண்டி புகை டெஸ்ட்ல மாட்டலாம், பல இடத்துல அது சட்டப்படி குத்தமும் கூட. ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற திரவம்) ஊத்துற வண்டின்னா அந்த மூடியைச் சுத்தி வெள்ளையா உப்பு பூத்திருக்கான்னும் பாத்துடுங்க.

வண்டிய எப்படி ஓட்டினாங்கன்னு ஓனர்கிட்ட பேச்சுவாக்குல கேளுங்க, ஆபீஸ் எவ்வளவு தூரம், வாரத்துல எத்தனை நாள்னு. என்னைக் கேட்டா ஊருக்குள்ளயே சுத்தின 40,000 கிமீ வண்டியை விட ஹைவேல ஓடின 1,20,000 கிமீ டீசல் எவ்வளவோ மேல்.

ஓபிடிபிரியன்:

நண்பா வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஒரு ஸ்கேனர் இல்லாம போகாதீங்க, சின்ன ப்ளூடூத் அடாப்டர் இருந்தாலே பாதி கதை தெரிஞ்சுடும். பழுதானா கம்ப்யூட்டர் பதிவு பண்ற கோட் இருக்கான்னு பாக்கறது பெருசில்ல, விக்கறவங்க அதை அழிச்சுட்டுதான் காட்டுவாங்க. ரெண்டு இடம் பாருங்க, ஒண்ணு ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னைத்தானே சோதிச்சுக்கற பட்டியல், அது எல்லாம் முடிஞ்சதுன்னு காட்டணும், முடியலைன்னு நிறைய காட்டினா கோட் அழிச்சு ரொம்ப நாள் ஆகல. இன்னொண்ணு கோட் அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்னு ஒரு எண் வரும், அது ரொம்ப முக்கியம். ஆனா சின்ன அடாப்டர் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற கோடைப் படிக்க அதுக்கான ஸ்கேனர் வேணும். அந்த ஸ்கேனர்ல ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்குதுங்கற கரெக்ஷன் அளவும், டிபிஎஃப்ல எவ்வளவு சாம்பல் சேர்ந்திருக்குன்னும் பாக்கலாம். கரி எரியும், சாம்பல் எரியாது, அது வயசுக்கு வயசு ஏறிட்டேதான் போகும், அதனால மீட்டர் கிமீ-க்கும் சாம்பலுக்கும் சம்பந்தமே இல்லைன்னா மீட்டரைத் திருப்பியிருக்காங்களான்னும் சந்தேகப்படலாம்.

ஹைவேநேரம்:

கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினாங்களான்னு கேளுங்க. லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. நிறைய கார் கம்பெனிக்கு கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்கற இசட்எஃப் கம்பெனியே ஓட்டற விதத்தைப் பொறுத்து 80,000ல இருந்து 1,20,000 கிமீ-க்குள்ள, இல்ல 8 வருஷத்துல மாத்தச் சொல்லுது. நீங்க பாத்த வண்டி கரெக்டா அந்த எல்லைல நிக்குது, மாத்தலைன்னா அந்தச் செலவை இப்பவே கணக்குல வச்சு விலை பேசுங்க. பல வண்டில கியர்பாக்ஸ்க்கு டிப்ஸ்டிக் கிடையாது, லிஃப்ட்ல ஏத்தித்தான் பாக்கணும். கறுத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா வேண்டாம்.

புதுசாரதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. இன்னிக்கு காலைல போய்ட்டு வந்தேன். பானட் ஜில்லுனுதான் இருந்துச்சு, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு, புகையும் இல்ல, சைலன்சர்ல விரல் விட்டுப் பாத்தேன் சுத்தம், ஆயிலும் நடுக்கோட்லதான். ரொம்ப சந்தோஷமாயிட்டேன். அப்புறம் ஸ்கேனர் போட்டேன், கோட் எதுவும் இல்ல, ஆனா கோட் அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம் 6 கிமீ-ன்னு காட்டுது, மானிட்டர் பாதி முடியல. கேட்டா போன வாரம் பேட்டரி மாத்தினோம் அதனாலன்னு சொல்றார். பேட்டரி புதுசுதான், நானே பாத்தேன். இதை எப்படி எடுத்துக்கறது?

கிரீஸ்கை:

பேட்டரி கழட்டினா சில வண்டில எல்லாம் அழிஞ்சு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கறது உண்மைதான், அவர் சொல்றது பொய்னு சொல்லிட முடியாது. ஆனா அதோட சேர்ந்து, கியர் மாத்தறதைச் சரிபண்ணிக்க கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஓட ஓட கத்துக்கிட்டதும் சில வண்டில அழிஞ்சுடும், கொஞ்ச நாளைக்கு எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். சண்டை போடாதீங்க, பொறுமையா ஒண்ணு கேளுங்க. நீங்க வழக்கம்போல ஒரு பத்து நாள் ஓட்டுங்க சார், 200 கிமீ தாண்டினதும் நான் மறுபடி வந்து ஸ்கேன் பண்ணிட்டு பெரிய ரோட்ல அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு அன்னிக்கே முடிச்சுக்கறேன்னு சொல்லுங்க. கியர்பாக்ஸ் கோட் படிக்கற ஸ்கேனர் வச்சிருக்கறவரைக் கையோட கூட்டிட்டு போங்க. அட்வான்ஸ் மட்டும் அதுவரைக்கும் குடுக்காதீங்க தம்பி, வேற ஆள் வர்றாங்கன்னு அவசரப்படுத்தினாலும் சரி.

நீலவானம்:

அப்பாவையும் கூட்டிட்டு போங்க, அவர்தானே ஓட்டப் போறார். ஏறி இறங்க முட்டிக்கு தோதா இருக்கான்னு அவர் உக்காந்து பாத்தாத்தான் தெரியும், அதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

புதுசாரதி:

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன். அண்ணா சொன்ன மாதிரியே கேட்டேன், ஓனர் ஒத்துக்கிட்டார். நேத்து அப்பாவோடயும் ஒரு மெக்கானிக்கோடயும் போனோம். பெரிய ரோட்ல 65 கிமீ வேகத்துல போய்ட்டு இருக்கும்போது லேசா ஒரு நடுக்கம் வந்துச்சு, நான் ரோடுன்னுதான் நினைச்சேன், பக்கத்துல இருந்த அப்பா டேஷ்போர்ட் மேல கை வச்சுக்கிட்டு இது ரோடு இல்லடா, மறுபடி அதே வேகத்துல போன்னு சொன்னார். அதே ரோட்ல திரும்பி வந்தோம், 70ல நடுக்கம் இல்ல, 65ல கால லேசா வச்சா மட்டும் வருது, மூணு தடவையும் வந்துச்சு. மெக்கானிக் ஸ்கேன் பண்ணினப்ப கியர்பாக்ஸ்ல பி0741னு ஒரு கோட் நின்னுச்சு, டார்க் கன்வெர்ட்டர் க்ளட்ச் சம்பந்தப்பட்டதாம்.

ஓனர்கிட்ட காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு விலைய குறைச்சுக்கறேன்னு சொன்னார். ஆயில் மாத்தினா சரியாகவும் வாய்ப்பிருக்கு, கன்வெர்ட்டரையே மாத்த வேண்டியும் வரலாம், பிரிச்சுப் பாக்காம சொல்ல முடியாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டார், அதனால வேண்டாம்னு வந்துட்டோம். வேற ஒரு வண்டி கிடைச்சிருக்கு, 1,10,000 கிமீ, ஹைவேலயே ஓடினது, கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில்லும் வச்சிருக்காங்க. நாளைக்கு காலைல போறோம். ராத்திரியே போன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு சொல்லிட்டேன்.