வீட்டில் பதிவு செய்த வில்லுப்பாட்டு: குடம் விழும்போதெல்லாம் குரல் அமுங்குகிறது

களக்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கொடை விழாவுக்காக அத்தை பாடிய இசக்கி கதையை வீட்டிலேயே பதிவு செய்திருக்கிறேன். பத்துக்குப் பத்து மாடி அறை, ஒரே கண்டன்சர் மைக், கணினியில் பதிவு செய்ய ரீப்பர் என்ற மென்பொருள். முதலில் வில், அடுத்து குடம், உடுக்கை, ஜால்ரா, கடைசியாகக் குரல் என்று தனித்தனியாக எடுத்தேன். தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அருமை. சேர்த்துப் போட்டால் குடம் விழுகிற இடமெல்லாம் அத்தை குரல் காணாமல் போகிறது. ஹெட்போனில் பரவாயில்லை, போனில் சொல்லே விளங்கவில்லை, மாமா காரில் போட்டால் கும் கும் என்று ஒரே முழக்கம். குரலுக்கு 200 ஹெர்ட்ஸில் கொஞ்சம், 3,000-இல் கொஞ்சம் என்று ஈக்யூவில் (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) ஏற்றினேன், உடனே குடம் மெலிந்துவிட்ட மாதிரி இருந்தது, அதற்கு 100-இல் ஏற்றினேன், இப்போது எல்லாம் சேர்ந்து வெளியே வரும் மாஸ்டரில் அளவு மீறிச் சிவப்பு எரிகிறது, தெளிவு மட்டும் வரவில்லை. வில்லுப்பாட்டில் கதைதான் உயிர், சொல் கேட்காவிட்டால் அத்தை பாடியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அம்பை அண்ணாச்சி:

தம்பி, போட்ட ஈக்யூ எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். அத்தை குரலை மட்டும் ஒரு அளவில் வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாக, சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் மெதுவாக ஏற்றுங்கள். குரல் மங்கத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். பாதித் தொல்லை இதிலேயே போய்விடும்.

மீதிக்கு வருவோம். குடம் என்பது வாய் சிறுத்த பானை, உள்ளே இருக்கிற காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் பலமாக முழங்கும். பானையின் கொள்ளளவும் வாயின் அகலமும் அதைத் தீர்மானிக்கும், எனவே குடத்துக்குக் குடம் மாறும். ரீப்பரோடு வருகிற ரீஈக்யூ என்ற ஈக்யூவைக் குடம் ட்ராக்கில் திறந்து, பாட்டை ஓடவிட்டு, அதன் வரைபடத்தில் எந்த இடத்தில் மேடு எழும்புகிறது என்று பாருங்கள். அந்த மேட்டைத் தொடாதீர்கள். அதற்கு மேலே 250 முதல் 400 வரை ஒரு கலங்கல் இருக்கும், அங்கே அகலமாக 3 டெசிபல் இறக்குங்கள். அத்தை குரலின் உடம்பும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெண் குரலின் அடிச்சுரம் பேசும்போதே ஏறத்தாழ 165 முதல் 255 ஹெர்ட்ஸ், பாடும்போது இன்னும் மேலே போகும், அதனால் குரலில் 120-க்குக் கீழே இருப்பதை ஹை பாஸ் (மேலே இருப்பதை மட்டும் விடும் வடிகட்டி) போட்டு வெட்டிவிடலாம், ஒன்றும் குறையாது. மைக்கை ஒட்டி நின்று பாடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக், பக்கத்தில் போகப் போக அடிச்சத்தத்தைப் பெருக்கிக் காட்டும். அதன் மேல் நீங்கள் 200-ஐ வேறு ஏற்றியிருக்கிறீர்கள்!

சொல் தெளிவுக்கு வேறு இடம். ல, ள, ழ மூன்றையும் நம் காது பிரித்துக்கொள்வது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 வரை, க்க, ட்ட, த்த எல்லாம் வெடிப்பது அதற்குச் சற்று மேலே. வில்லில் கட்டிய மணியும் ஜால்ராவும் அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன. குரலை ஏற்ற வேண்டாம், மணிக்கும் ஜால்ராவுக்கும் 3,000-ஐச் சுற்றி 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். அவற்றின் மினுக்கம் 6,000-க்கு மேலே இருக்கிறது, அது அப்படியே நிற்கும்.

பொருநைப் பெண்:

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குடத்தைப் பாட்டு முழுக்கக் குறைத்து வைத்தால், அத்தை நிறுத்தி, பின்னால் இருப்பவர்கள் 'ஆமா' போட்டு, குடமும் உடுக்கையும் ஏறி விளையாடுகிற இடத்தில் வெறிச்சென்று ஆகிவிடும். கேட்பவர்களுக்குப் புல்லரிப்பதே அங்கேதான். குரல் இருக்கிற வரிகளில் மட்டும் குடத்தை ஆட்டோமேஷனில் (பாட்டு ஓடும்போது சத்த அளவு தானாக மாறும்படி கோடு வரைந்து வைப்பது) 2, 3 டெசிபல் இறக்கி, குரல் நிற்கும்போது மேலே விடுங்கள். வரி வரியாக உட்கார்ந்து வரைய ஒரு சாயங்காலம் ஆகும், ஆகட்டும்.

அப்புறம் அந்த அறை. பத்தடிச் சுவருக்கு நடுவே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை (சுவரில் மோதித் திரும்பி, நகராமல் நின்று முழங்கும் ஒலி) நிற்கும், அதன் மடங்குகளாக 113, 170-இலும் நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கத்து அலையும் ஒரே இடத்தில் கூடுகின்றன. கார் முழக்கத்தில் இதற்கும் பங்கு இருக்கும். சிலர் சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிடுகிறார்கள், கோரைப் பாய் மெல்லியது, அடிச்சத்தத்தை அது தடுக்காது. இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைத்தால் கொஞ்சமாவது கேட்கும். வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை இருந்தால் குரலை மட்டும் அங்கே மறுபடி பாடவைத்துப் பாருங்கள், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி.

ரேடியோசெட்காரர்:

கொடைக்கு என்றீர்களே, அது குழாய் ஸ்பீக்கரிலா பாக்ஸ் ஸ்பீக்கரிலா? குழாய் என்றால் 300-க்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வராது, 6,000-க்கு மேலேயும் சட்டென்று இறங்கிவிடும். நீங்கள் 100-இல் ஏற்றியது சத்தமாக வெளியே வராது, குழாயின் பின்னால் மாட்டிய யூனிட்டில் இருக்கிற டயப்ரம் என்ற மெல்லிய தகட்டைத்தான் போட்டு அடிக்கும். கொடை அன்று இரவு யூனிட் போனால் மாற்றுக்கு ஓட வேண்டியது நான்தான். குழாய்க்கென்று 200-க்குக் கீழே வெட்டிய தனிக் காப்பி ஒன்று எடுத்துக்கொடுங்கள். மோனோவில் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் கிடையாது, ஸ்டீரியோ விரிப்பு எஃபெக்ட் போட்ட குரல் மோனோவில் தேய்ந்துபோய் வந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, சத்தத்தைக் குறைத்து வைத்து மிக்ஸ் பண்ணுங்கள். சத்தம் கூடினால் காதுக்கு அடியும் உச்சியும் தானாகவே தூக்கலாகத் தெரியும். 1933-இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம் இது. பக்கத்தில் இருவர் பேசுகிற அளவுக்கு வைத்து, அப்போதும் கதை விளங்கினால் சரி.

களக்காட்டான்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நான்கு நாள் ஆயிற்று. நெல் மூட்டை அறையில் அத்தை மறுபடி பாடினார்கள், குரல் கேட்டவுடனே வித்தியாசம் தெரிந்தது, பழைய பதிவில் இருந்த பானைக்குள் பேசுகிற மாதிரியான சத்தம் போய்விட்டது. எங்கள் குடத்தின் மேடு 140 பக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு 290-இல் 3 டெசிபல் குறைத்தேன். மணியையும் இறக்கினேன். ஆட்டோமேஷன் போட இரண்டு சாயங்காலம் ஆனது, அக்கா சொன்னது முழுக்க உண்மை, 'ஆமா' இடத்தில் குடம் ஏறும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. மாஸ்டரில் சிவப்பு இல்லை. போனில் மெதுவாகப் போட்டேன், அத்தையின் பேத்தி பக்கத்தில் வந்து நின்று, கள்ளிக் கொப்பு எப்படிப் பிள்ளையாக மாறியது என்று கேட்டாள். பாட்டில் வருகிற கதையை முதன்முதலாக ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. மணியைக் குறைத்த பிறகு 'சொன்னாள்', 'செய்தாள்' என்று வரும் இடத்தில் ச மட்டும் காதைக் கீறுகிறது. மொத்தமாக உச்சியைக் குறைத்தால் குரல் மங்குகிறது.

அம்பை அண்ணாச்சி:

அது 6,000 முதல் 8,000-க்குள் இருக்கும். மொத்தமாகக் குறைக்காதீர்கள், டீஎஸ்ஸர் போட்டு ச வருகிற நொடியில் மட்டும் 3, 4 டெசிபல் இறங்கும்படி வையுங்கள். அதற்கு மேல் போனால் ச எல்லாம் த மாதிரி ஆகிவிடும், இசக்கியின் கோபம் போய்விடும். நாலைந்து இடம்தான் என்றால் அந்த எழுத்தை மட்டும் கையாலேயே குறைத்துவிடுங்கள், அதுதான் சுத்தம். முடிந்ததும் இங்கே போடுங்கள் தம்பி, அத்தை குரலைக் கேட்க வேண்டும்.