புது லேப்டாப்புக்குக் கூடுதல் வாரண்டி: 389 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுக்கலாமா?

கெலுகோர் மாணவி:
வணக்கம். அடுத்த மாதம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறேன். கொம்தார் பக்கம் ஒரு கடையில் 3,299 வெள்ளிக்கு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு வருட வாரண்டி அதிலேயே வருகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க 389 வெள்ளி என்கிறார் கடைக்காரர். அது போக, தண்ணீர் கொட்டினாலோ கீழே விழுந்தாலோ பார்த்துக்கொள்ளும் விபத்துப் பாதுகாப்பு ஒரு வருடத்துக்கு 249. பணம் கொடுப்பது அப்பா, லாரி ஓட்டுகிறார். பிடிபிடிஎன் என்கிற அரசு உயர்கல்விக் கடன் கைக்கு வர நாளாகும். அவரிடம் இன்னும் 638 வெள்ளி கேட்க மனம் வரவில்லை, கேட்காமல் விடவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

செந்தூல்காரன்:
வேண்டாம் தங்கச்சி. 638 என்பது லேப்டாப் விலையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. தயாரிப்புக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு இலவச வாரண்டியே போதும். அதைத் தாண்டி ஓடும் இயந்திரம் அடுத்த இரண்டு வருடமும் ஓடத்தான் வாய்ப்பு அதிகம், கடைக்காரருக்கும் இது தெரிந்துதான் விற்கிறார். அந்த 389-ஐ அப்பா பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள். கெட்டால் எடுத்துச் செலவு செய்யலாம், கெடாவிட்டால் பணம் உங்களுடையது.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, தனியாகப் போட்டு வைக்கிற பணம் தனியாகவே இருக்கும் வீட்டில் நீங்கள் வாழ்கிறீர்கள் போல. எங்கள் வீட்டில் அது பள்ளிப் பேருந்துக்கோ, மோட்டார் சைக்கிள் டயருக்கோ இரண்டே மாதத்தில் போய்விடும். என் மகனுடைய லேப்டாப் 19-வது மாதம் ஒரு நாள் காலையில் உயிரில்லாமல் கிடந்தது. விழவில்லை, நனையவில்லை. மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை போய்விட்டது, மாற்ற 1,650 வெள்ளி என்றார்கள். இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கட்டினேன், அந்தக் கடன் தீர எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு வாரண்டியை நீட்டித்திருந்தால் ஒரு காசு கொடுத்திருக்க மாட்டேன். ஒரே நேரத்தில் 1,650 புரட்ட முடிகிறவர்களுக்கு வாரண்டி தேவையில்லை. லாரி ஓட்டுகிற அப்பாவுக்குத் தேவை.

செந்தூல்காரன்:
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த 1,650-ஐ நீங்கள் கட்டியிருக்கவே வேண்டியதில்லை என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். வாரண்டி அட்டையில் 12 மாதம் என்று அச்சடித்துவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. 3,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் 19 மாதத்தில் தானாகச் செத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் கிடையாது, வழக்குக்குக் காரணம் எழுந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டம் சும்மா கொடுப்பதற்கு எதற்கு 389 கட்ட வேண்டும்?

பட்டர்வொர்த் அக்கா:
தீர்ப்பாயம் பற்றி அப்போது எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. சரி, தெரிந்திருந்தால்? மனு கொடுத்து, தேதி வாங்கி, தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துப் போய் நின்று, அது தானாகக் கெட்டது, மகன் கெடுக்கவில்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கடைசியில் பணம் திரும்பி வரலாம். அந்த மூன்று வாரம் அவன் எதில் படிப்பான்? எனக்கு வேண்டியது நீதி இல்லை தம்பி, அந்த வாரமே ஓடுகிற லேப்டாப்.

லோயாட் பட்டறை:
11 வருடமாகக் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். இரண்டு பேரும் மதர்போர்டைப் பற்றியே பேசுகிறீர்கள், என் மேசைக்கு அதிகம் வருவது அதில்லை. மாணவர்கள் கொண்டு வருவதில் முதலிடம் திரவம் கொட்டியதுதான். தண்ணீர் பரவாயில்லை, உடனே அணைத்துக் கொண்டு வந்தால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். தே தாரிக், மைலோ என்றால் சர்க்கரையும் பாலும் விசைப்பலகைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் அரிக்கும். முதல் நாள் ஓடும், இரண்டாவது வாரம் செத்துவிடும். அப்புறம் உடைந்த திரை, பிய்ந்த கீல், இடி மழைக்குப் பிறகு எரிந்த சார்ஜர்.

பேட்டரியும் அப்படித்தான். பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கும் வரைதான் நல்ல நிலையில் இருக்கும், மூன்றாவது வருடம் கண்டிப்பாகத் தளர்ந்துவிடும்.

இப்போது கடைக்காரர் கொடுக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். வாரண்டி நீட்டிப்பு என்றால் தயாரிப்புக் கோளாறு மட்டும். கொட்டியது, விழுந்தது எதுவும் அதில் வராது. பேட்டரியைப் பெரும்பாலும் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள், கீல் உடைந்தால் நீங்கள் முரட்டுத்தனமாகத் திறந்தீர்கள் என்று வாதம் வரும். அதே நேரம் அக்கா சொல்வதும் பொய்யில்லை. இப்போதைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் என்கிற நினைவகம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, சிலவற்றில் சேமிப்பகமும் அப்படித்தான், ஒன்று போனால் மொத்தப் போர்டையும் மாற்ற வேண்டும். முன்பு 200 வெள்ளியில் முடிந்த வேலை இன்று ஆயிரத்தைத் தாண்டுகிறது.

தங்கச்சி, கடையில் இதைக் கேளுங்கள். தாளுக்குப் பின்னால் நிற்பது யார், தயாரிப்பாளரா, கடையா, வேறு காப்புறுதி நிறுவனமா? கடை என்றால் கடை மூடினால் தாளும் போச்சு. விபத்துப் பாதுகாப்பில் ஒவ்வொரு முறையும் பழுதுச் செலவில் நம் பங்கு எவ்வளவு, வருடத்தில் எத்தனை முறை கோரலாம்? திருட்டு சேருமா? சேர்ந்தாலும் பூட்டு உடைந்த அடையாளமும் போலீஸ் புகாரும் கேட்பார்கள், நூலக மேசையிலிருந்து காணாமல் போனால் ஒன்றும் கிடைக்காது.

செந்தூல்காரன்:
விபத்துப் பாதுகாப்பு விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். விடுதியில் நான்கு பேர் அறையில் படிக்கிற பிள்ளைக்கு 249 நியாயம், கொட்டிய மைலோவுக்கு எந்தச் சட்டமும் உதவாது. 389-க்கு மட்டும் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், சட்டம் ஏற்கனவே நிற்கிற இடத்தில்தான் அந்தத் தாளும் நிற்கிறது.

கெலுகோர் மாணவி:
இன்று மறுபடியும் கடைக்குப் போனேன். லோயாட் அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டேன். 389 வெள்ளித் தாள் கடையினுடையது, தயாரிப்பாளருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட்டரி, கீல், சார்ஜர் மூன்றும் சேராது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. 249 வெள்ளிப் பாதுகாப்பு தயாரிப்பாளருடையது, வருடத்துக்கு ஒரு முறை கோரலாம், நம் பங்கு கிடையாது, திருட்டு சேராது. அதை வாங்கிய 30 நாளுக்குள் எடுத்தால்தான் உண்டாம்.

பிறகு தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். அவர்களே வாரண்டியை நீட்டித்துத் தருகிறார்கள், இரண்டு வருடத்துக்கு 420. முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. இதைக் கடைக்காரர் சொல்லவே இல்லை. அப்பாவிடம் 249 மட்டும் கேட்டேன், சரி என்றார். லேப்டாப்பையும் அதையும் வாங்கிவிட்டேன்.

பட்டர்வொர்த் அக்கா:
நல்ல முடிவு அம்மா. ஆனால் 11-வது மாதம் அந்த 420-ஐக் கண்டிப்பாகக் கட்டிவிடு, அதற்குள் கடன் பணம் வந்திருக்கும். தம்பி என்ன சொன்னாலும் கேட்காதே.

செந்தூல்காரன்:
பதினோரு மாதம் ஒழுங்காக ஓடினால் தேவையில்லை என்றுதான் அப்போதும் சொல்வேன் அக்கா.

லோயாட் பட்டறை:
எதுவானாலும் ரசீதை இன்றே படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து வெயிலுக்கு ஆறே மாதத்தில் மங்கிவிடும், வெறும் வெள்ளைத் தாளோடு வந்து நிற்பவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். வரிசை எண்ணும் படத்தில் தெரிய வேண்டும்.

கெலுகோர் மாணவி:
எடுத்துவிட்டேன் அண்ணே, அப்பாவுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.