புதுப்பிப்பு: கோத்தகிரி மழைக்கு என்ன போட்டுக்கொள்வது?

ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சைக்கிளில் போக என்ன உடுத்தலாம் என்று கேட்டிருந்தேனே, போய்வந்தாச்சு.

ரெயின்கோட்டை ஏறும்போதே மாட்டியது தப்பு. 30 கி.மீ.க்கு மேல் ஏற்றம்; மழை உள்ளே வரவில்லை, வியர்வை வெளியே போகவில்லை. கோத்தகிரிக்குச் சற்று முன்னால் இருக்கும் அரவேணு வருவதற்குள் பருத்தி பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

இறங்கும்போதுதான் பல் தந்தியடித்தது. மிதிக்காத உடம்பில் சூடு ஏது? பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. டீக்கடை அண்ணன் பழைய பேப்பரை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகச் சொன்னார். குளிர்காற்று நெஞ்சில் குத்துவது நின்றது!

அடுத்த முறை உள்ளே பாலியஸ்டர் டீ-சர்ட், மேலே போய் மாற்ற இன்னொன்று. கம்பளிக் கையுறைமேல் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை). அன்று என் கேள்விக்குப் பதிலாகச் சைக்கிளுக்கு மட்கார்டு போடச் சொன்னவருக்கு: போடாமல் போய் முதுகெல்லாம் சேறு, ஒப்புக்கொள்கிறேன்.