டிடிசி: பழுதுக் குறியீடா, கோளாறுக் குறியீடா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காரில் ஏதேனும் சரியில்லாதபோது அதன் கணினி தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் டிடிசிக்கு (டயக்னாஸ்டிக் டிரபிள் கோட்) ‘பழுதுக் குறியீடு’ என்ற தமிழ்ச் சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆயினும் அதை ஏற்கத் தயங்குகிறேன். பழுது என்றதும் மனம் கெட்டுப்போன ஒரு பாகத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது. கணினியோ எந்தச் சோதனையில் எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்பதை மட்டுமே சொல்கிறது.

பி0171 (P0171) என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து இன்ஜின், கியர்பாக்ஸ் பகுதியைக் குறிக்கும்; அடுத்துள்ள சுழியம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதற்கு அடையாளம். காற்றுக்கு ஏற்ற எரிபொருள் சேரவில்லை என்பது இதன் பொருள். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் தரும் அளவை நம்பிக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், அந்தத் திருத்தம் எல்லையைத் தொட்ட பிறகே இது பதிவாகிறது. குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. ஆனால் காற்று உள்ளே வரும் இன்டேக் குழாயில் விரிசல், அந்தக் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, ஃபியூவல் பம்ப்பின் அழுத்தக் குறைவு என மூலகாரணம் வேறெங்கோ இருக்கக்கூடும். குறியீடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில், ஃபியூவல் டிரிம் எனப்படும் அந்த எரிபொருள் திருத்தம் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மிகுந்திருந்து, 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) இயல்புக்குத் திரும்பினால் காற்றுக் கசிவையும், சுமை ஏற ஏற அதுவும் ஏறினால் எரிபொருள் வரத்தையும் முதலில் ஐயுற வேண்டும்.

ஆகவே ‘கோளாறுக் குறியீடு’ என்பதே என் பரிந்துரை. வயிற்றுக் கோளாறு என்கிறோம். வயிறு பழுது என்று யாரும் சொல்வதில்லை. இயக்கம் சரியில்லை, காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இதன் நிலைகளுக்கும் சொற்கள் தேவை. புகைக் கட்டுப்பாடு சார்ந்த பெரும்பாலான கோளாறுகளில், ஒரே குறை இரண்டு ஓட்டச் சுழற்சிகளில் (வண்டியைக் கிளப்பி, ஓட்டி, நிறுத்துவது ஒரு சுழற்சி) தென்பட்ட பிறகே செக் இன்ஜின் விளக்கு எரியும். முதல் முறை பதிவாவதை ‘ஐயக் குறியீடு’ என்றும், அடுத்ததை ‘உறுதிக் குறியீடு’ என்றும் சொல்லலாம். ஸ்கேனரால் அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் போகாமல், வண்டி தன் சோதனையில் தானே தேறிய பிறகு மட்டுமே மறைவது ‘நீங்காக் குறியீடு’.

ஃப்ரீஸ் ஃப்ரேமுக்கு வந்த ‘உறைசட்டம்’ பட்டறையில் யாருக்கும் விளங்காது. குறியீடு பதிவான நொடியின் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை, இன்ஜின் சுமை ஆகியவற்றைத் தாங்கி நிற்பதால் அதைக் ‘கணப்பதிவு’ எனலாம். குறியீட்டை அழித்தால் இதுவும் அழிந்துவிடும் என்பதால், கணப்பதிவைக் குறித்துக்கொண்ட பிறகே அழிக்க வேண்டும் என்ற குறிப்பைச் சொல்விளக்கத்திலேயே சேர்க்க விரும்புகிறேன்.

வண்டியின் தற்சோதனைகள் முடிந்துவிட்டனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டருக்குத் ‘தற்சோதனை நிறைவுக் குறிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நீண்டுவிட்டது. குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.