நகைத் தட்டைக் கொட்டிப் பிரித்தவர்கள் வாருங்கள்

மலைக்கோட்டைக்காரி:

மகள் கல்யாணம் முடிந்த கையோடு பீரோவில் இருந்த நகைத் தட்டு, டப்பா, பை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். கொட்டுவதற்கு முன்பு ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டேன். பூப்போட்ட விரிப்பில் திருகாணி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது நகையே இல்லை. கடைக்காரர்கள் கொடுத்த வெல்வெட் பெட்டிகளும், கடைப் பெயர் அச்சிட்ட ஜிப் பர்ஸுகளும், மடித்து மடித்துக் கிழிந்த ரோஸ் காகிதமும்தான். கடுகளவு மூக்குத்திக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி! அவற்றை வெளியே தள்ளியதுமே தட்டு மூச்சு விட்டது. நகை அடுக்க வேண்டும் என்று கிளம்பியதும் கடைக்குப் போய் அடுக்குப் பெட்டி வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை அறை வைத்த பெட்டியை வாங்குவது?

தங்கம், வெள்ளி, கவரிங் என்று மூன்று குவியலாகத்தான் பிரிக்க நினைத்தேன். நான்காவதாக, என்னவென்றே தெரியாதவை ஒரு குவியல் சேர்ந்தது. பெரிய வேலை வைத்தது அதுதான். முத்திரை தேய்ந்த சங்கிலி, எந்தக் காலத்திலோ வாங்கிய ஒற்றை வளையல், யார் கொடுத்தது என்றே நினைவில்லாத டாலர். வளையலைக் கையில் எடுத்தபோது மாமியார், "அது கவரிங்தாண்டி அம்மா, நான் கட்டிக்கொண்டு வந்த காலத்திலிருந்து கிடக்கிறது, தூக்கிப் போடு" என்றார். போடாமல், நான்காவது குவியல் முழுவதையும், தங்கத்தின் தரத்தைச் சோதித்து ஹால்மார்க் முத்திரையிடும் மையத்துக்குக் கொண்டுபோனேன். பொதுமக்களும் அங்கே கட்டணம் கட்டித் தங்கள் நகையைச் சோதித்துக்கொள்ளலாம். வளையல் தங்கம் என்று வந்தது, 22 காரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் தங்கம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த டாலரோ வெள்ளியில் முலாம் பூசியது. அத்தை இன்னும் அந்த மையத்தை நம்பவில்லை.

கேரட் மீட்டரில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் ஏமாறும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, உள்ளே இருப்பதையும் பார்க்கிறார்கள்.

முத்திரை இல்லாத பழைய நகையை வைத்திருந்தால் குற்றமோ என்று பக்கத்து வீட்டில் ஒரு பயம். எந்தக் குற்றமும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக இடும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக்கூடாது என்பதுதான் விதி. வீட்டில் கிடக்கும் பாட்டி சங்கிலிக்கு அது பொருந்தாது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம் உங்கள் புது நகையில் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டிப் பாருங்கள். பொருள் என்ன, தரம் என்ன என்று காட்டும். காட்டும் பொருளும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்பதைக் கவனியுங்கள். தோட்டுக்கு உரிய எண் மோதிரத்தில் இருக்கக்கூடாது.

கவரிங்கில் செம்பு பல்லிளித்தவை, கொக்கியில் பச்சை பூத்தவை, போட்டால் கழுத்து அரிப்பவை மூன்றையும் கழித்துவிட்டேன். நல்ல வேலைப்பாடு உள்ள அட்டிகை ஒன்றை மட்டும் மறுபடி முலாம் பூச சிதம்பரத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கவரிங் என்றால் அந்த ஊர்தானே.

திருகாணிகளைத் தோட்டோடு மாட்டியே வையுங்கள். ஒரு தோட்டின் மரை இன்னொன்றுக்குப் பொருந்தாது. தனியாகக் கழற்றிப் போட்டால் எது எதற்கு என்று பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். இனி உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:

எங்கள் வீட்டில் கதை வேறு அக்கா. ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் ஒரு ஜோடி எங்களிடம் வந்தது. நான் போடப்போவதில்லை. என் காதில் இருப்பது சின்னத் துளை, ஆச்சிக்கோ காது வளர்த்துத் தோள் வரை தொங்கும். "உருக்கிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு செயின் போடலாம்" என்று பெரிய அண்ணன். "ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்று சின்ன அண்ணன். ஒற்றைப் பாம்படத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வானோ!

தராசில் வைத்தபோது எல்லோருக்கும் கண் விரிந்தது. எங்கள் ஆசாரி ஐயா வந்து கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாம்படம் கெட்டித் தங்கம் கிடையாது. தங்கத் தகட்டை வடிவாக மடித்து, உள்ளே அரக்கு அடைத்துச் செய்வது. தராசு காட்டியதில் அரக்கின் எடையும் இருக்கிறது. உருக்கினால் அது போய்விடும். பிறகு வாங்கப்போகும் செயினுக்குச் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வேறு. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பெரிய அண்ணனே வாயை மூடிக்கொண்டார்.

இப்படித் தகடு மடித்துச் செய்கிற கை இப்போது அபூர்வம். பழையதை உருக்கிப் புதியதாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று விளம்பரங்கள் சொல்வதை எல்லா நகைக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். அச்சில் வார்த்த, தேய்ந்துபோன செயினை மாற்றுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? கையால் செய்ததை உருக்கினால் அந்த வேலைக்கு ஒரு பைசா கிடைக்காது, வெறும் எடைக்குத்தான் மதிப்பு.

பாம்படம் இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிறகு யாருக்கு என்பதை அண்ணன்மார் இருவர் முன்னிலையிலும் எழுதி வைத்தாயிற்று.

சலங்கை:

நான் நாட்டியம் கற்பிக்கிறவள். வீட்டு நகை என்னிடம் கொஞ்சம்தான். மேடை நகைதான் அலமாரி நிறைய. நாகர்கோவில் வடசேரியில் செய்வித்த பழைய தலைசாமான் (சூரியன், சந்திரன், ராக்கொடி என்று தலையில் அணியும் நகைகளின் செட்) ஒன்றும், மாணவிகளுக்காக வாங்கிய மலிவான செட்டுகளும் இருக்கின்றன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அரங்கேற்றத்தன்று ஒப்பனை அறையில் நடக்கும் கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சூரியன் ஒரு செட்டிலும் சந்திரன் இன்னொரு செட்டிலும் இருக்கும். ராக்கொடி கிடைக்கும், அதைக் கட்டும் நூல் கிடைக்காது. இப்போது ஒவ்வொரு செட்டையும் தலையில் ஏறும் வரிசையிலேயே ஒரு நீளத் துணியில் தைத்த பைகளில் போட்டுச் சுருட்டி வைக்கிறேன். நடுவில் நெற்றிச்சுட்டி, ஆடுகிறவளின் வலப்பக்கம் வரும் சூரியன் வலது பையில், சந்திரன் இடது பையில், பிறகு ராக்கொடி, ஜடைபில்லை, குஞ்சலம். துணியை விரித்தாலே எது இல்லை என்று தெரிந்துவிடும்.

கெம்பு நகை வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். கல்லுக்கு அடியில் மினுக்கத்துக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் குருடாகிவிடும், துடைத்தாலும் திரும்பாது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் வெறும் தங்கச் சங்கிலிக்கு நல்லது, கெம்புக்கு ஆகாது. ஆடி முடித்ததும் வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி, விசிறிக் காற்றில் ஆறவிட்டுச் சுருட்டினால் போதும். முத்துக்கும் இதே கவனம் வேண்டும். அத்தர், சென்ட் எல்லாம் பூசிக் காய்ந்த பிறகுதான் முத்துமாலை கழுத்தில் ஏற வேண்டும்.

கவுன்ட்டர் மனிதர்:

பெண்கள் பேசும் இடத்தில் ஓர் ஓய்வுபெற்ற வங்கிக்காரன் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லாக்கர் அறைச் சாவியோடு பல காலம் கழித்தவன் நான்.

பலர் நினைப்பதுபோல உங்கள் லாக்கரில் என்ன இருக்கிறது என்று வங்கியிடம் பட்டியல் எதுவும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் மாறின. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். உள்ளே நாற்பது பவுன் இருந்தாலும் அவ்வளவுதான். வெள்ளம், நிலநடுக்கத்துக்கு அதுவும் கிடையாது. ஏழு ஆண்டுகள் திறக்காமலே கிடந்து, வாடிக்கையாளரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் அந்த லாக்கரை வங்கி உடைத்துத் திறக்கலாம். பேரன் வெளிநாட்டில், பாட்டி படுக்கையில் என்று இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனையோ குடும்பங்கள் என் மேசைக்கு முன்னால் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் காலமான பிறகு லாக்கரைத் திறந்து, சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொன்றாக எழுதுவோம். "காசுமாலை எங்கே?" என்று மகள் கேட்பார். "அது முன்பே உனக்குக் கொடுத்தாயிற்றே" என்று மருமகள் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்வதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எழுதி வைக்க வேண்டியவர் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரு நோட்டு போடுங்கள். நகையின் பெயர், எடை, யார் கொடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது, பக்கத்தில் ஒரு புகைப்படம். ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். அந்த நோட்டை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், அப்படியும் செய்தவர்கள் உண்டு.

மலைக்கோட்டைக்காரி:

அண்ணா, நோட்டு யோசனைக்கு நன்றி. என் தோழி ஒருத்தி எந்தத் தராசு வாங்குவது என்று கேட்டாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள். கல், அரக்கு, நூல் சேர்ந்து வரும் எடையை நோட்டில் 'மொத்த எடை' என்றே குறியுங்கள். தங்கத்தின் நிகர எடை ரசீதில் இருந்தால் மட்டும் தனியாக எழுதுங்கள், கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டாம். எட்டு கிராம் ஒரு பவுன் என்று வகுத்துப் போடுவதையும் நிகர எடைக்கு மட்டும் செய்தால், பின்னால் விற்கப் போகும்போது கடைக்காரரோடு மல்லுக்கட்டு குறையும்.