தடிதசை, விரிதசை: இதயத்தசை நோய்களுக்குப் பெயர்

வணக்கம்.

இதயத்தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற நோய்க்குத் தமிழில் 'இதய வீக்க நோய்' என்ற பெயரே போதும், எல்லாருக்கும் புரியும் என்று நம் குழுவில் ஒருவர் நேற்று எழுதிய மடலில் பார்த்தேன். புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பூனைக்குப் போன மழைக்காலத்தில் இது வந்தது. தூக்கத்திலேயே வயிறு படபடவென்று ஏறி இறங்கியது. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 50 மூச்சு. தூங்கும் பூனைக்கு 30-க்குள் இருக்க வேண்டும். கூடையை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனோம். ஸ்கேன் திரையில் டாக்டர் இடது கீழறையின் சுவரை அளந்து காட்டினார்: 7 மில்லிமீட்டர். 6-ஐத் தொட்டாலே தடிப்புதான். சுவர் உள்பக்கமாகத் தடித்து, ரத்தம் நிரம்ப வேண்டிய இடம் ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது.

அம்மாவிடம் நான் 'ஹார்ட் வீங்கியிருக்கு' என்றேன். "வீக்கந்தானே கண்ணு, மாத்திரை குடுத்தா வத்திரும்ல?" என்றார். நுரையீரலில் தேங்கிய நீர் மருந்தில் வடிந்தது. சுவர் அப்படியேதான் இருக்கிறது. அம்மா இன்னும் தினமும் 'வத்திருச்சா' என்று கேட்கிறார். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கவே கூடாது.

'அழற்சி'யும் சரிவராது, அது மயோகார்டைட்டிஸ் என்ற வேறு நோய்க்கு உரியது. வெறும் 'தடிப்பு' என்றால் தோலில் வரும் தடிப்புதான் நினைவுக்கு வரும். கார்டியோமயோபதி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'இதயத்தசை நோய்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அது இருக்கட்டும். வகைகளுக்கு விரிகுடா, சுடுசோறு போல வினைத்தொகையாக வைக்கலாம் என்பது என் கருத்து: ஹைப்பர்ட்ரோபிக் வகைக்குத் தடிதசை நோய், டைலேட்டட் வகைக்கு விரிதசை நோய். வினைத்தொகை என்பதால் நடுவில் 'த்' மிகாது, 'தடித்தசை' என்று எழுத வேண்டாம்.

விரிதசையில் சுவர் மெலிந்து அறை பெரிதாகிவிடும். டாபர்மேன் நாய்களுக்கு அதிகம் வருவது இதுதான். பூனைகளுக்கு டாரின் என்ற சத்துக் குறைந்தாலும் இது வரும் என்று 1987-இல் கண்டுபிடித்தார்கள். டாரின் இறைச்சியிலும் மீனிலும்தான் அதிகம் இருக்கிறது. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் போதாது. நேரத்தோடு டாரின் கொடுத்தால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும். தடிதசை அப்படி இல்லை. இரண்டையும் 'வீக்கம்' என்றால் இந்த வேறுபாடே போய்விடும்.

அப்புறம், ரெஸ்ட்ரிக்டிவ் வகைக்குத்தான் சரியான சொல் அமையவில்லை. தசை விறைத்து, ரத்தத்துக்கு நெகிழ்ந்துகொடுக்காத நிலை அது. 'விறைதசை' பொருத்தம்தான், ஆனால் 'விறைத்துப் போச்சு' என்று எங்கள் பக்கம் செத்ததைச் சொல்வோம். 'இறுகுதசை' வைக்கலாமா? வேறு வினை தோன்றினால் எழுதுங்கள்.