ஆர்.ரி.ஐ. (தகவலறியும் உரிமைக் கோரிக்கை) போடப் போகிறீர்களா? கொழும்புக் கந்தோர்களில் எது நடக்கும், எது தடக்கும்

கோவைப்பூச்சி:
"எங்கள் ஒழுங்கைக் கானை ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்று எழுதினால் வரும் பதில் ஒரு வரிதான்: "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." அதில் பிழையும் பிடிக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் தருவது, கந்தோரின் கையில் பதிவாக இருக்கும் தகவலை. "ஏன்" என்பதற்கு யாரும் கோவையில் பதில் எழுதி வைப்பதில்லை.

அதையே கடதாசியின் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்ன ஒழுங்கை, இன்ன ஆண்டு, வடிகான் வேலை. அதற்கான மதிப்பீடு, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த வேலைக் கட்டளை, அளவீட்டுப் புத்தகத்தில் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) அந்த வேலைக்குரிய பக்கங்கள், கொடுப்பனவு வவுச்சர். இந்த நான்கில் மற்ற மூன்றையும் விட அளவீட்டுப் புத்தகத்தை விடாதீர்கள். மதிப்பீட்டில் 60 மீற்றர், அளவீட்டில் 40 மீற்றர், வவுச்சரில் முழுக்காசு என்றால் அதற்குப் பிறகு "ஏன்" கேட்கத் தேவையே இராது.

"2010 முதல் இன்றுவரை எல்லா ஆவணங்களும்" என்று கேட்பது நீங்களே வைக்கும் ஆப்பு. பொறியியல் பகுதியில் இருப்பதற்கு ஒரு கடிதம், நிதிப் பகுதியில் இருப்பதற்கு இன்னொன்று. ஒன்றாகக் கேட்டால் ஒரு பகுதி தாமதித்தாலே இரண்டும் நிற்கும்.

ஆர்.ரி.ஐ. 01 படிவம் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் பெயர், முகவரி, இலங்கைப் பிரஜை என்ற ஒரு வரி, என்ன தகவல், எந்த வடிவில் வேண்டும். அவ்வளவே. மின்னஞ்சலும் எழுத்து மூலமான கோரிக்கைதான். "எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டால் காரணம் சொல்லும் கடமை இல்லை. ஒரே விதிவிலக்கு, உயிர் அல்லது தனியாள் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று 48 மணித்தியாலத்தில் பதில் கேட்கும்போது. அப்போது காரணம் எழுத வேண்டும்.

மட்டக்குளி வாசி:
பூச்சியண்ணா சொன்னது கேட்கும் விதம். தோற்பது பெரும்பாலும் திகதியில்.

கவுண்டரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டு போய் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தருவது தகவல் அலுவலரின் (கந்தோரில் இந்தக் கோரிக்கைகளுக்குப் பொறுப்பானவர்) கடமை, உடனே தர வேண்டும். "ஐயா லீவு, வச்சிட்டுப் போங்கோ" என்றால் அங்கே வைக்காமல் நேரே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத்தபாலில் போடுவது நல்லது. அந்தத் துண்டுதான் பிறகு சாட்சி.

முடிவு சொல்ல 14 நாள், அதுவும் வேலை நாள். ஏப்ரல் முதலாம் திகதி கொடுத்தால் புத்தாண்டும் போயாவும் சனி ஞாயிறும் கழிந்து மாதக் கடைசி ஆகிவிடும், அதற்கு முன் சண்டைக்குப் போகாதீர்கள். பக்கங்கள் அதிகம், அல்லது தகவல் வேறு ஊரில் இருக்கிறது என்றால் தகவல் தருவதை மேலும் 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் அதை உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. காலக்கெடு தாண்டியும் பதிலில்லை என்றாலும் அவரிடம்தான். அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. நடுவில் உள்ள படியைத் தாண்டி நேரே ஆணைக்குழுவுக்குப் போனவர்களின் மனு திரும்பி வரும். அங்கே, சட்டப்படி நடந்தோம் என்று காட்டும் பாரம் நிறுவனத்தின் தலையில், உங்கள் தலையில் அல்ல. கோரிக்கை, அத்தாட்சி, பதில், மேன்முறையீடு எல்லாவற்றின் பிரதியும் திகதி வரிசையில் இணைத்தால் போதும்.

வெள்ளவத்தை வாசகி:
காசு எவ்வளவு வரும்?

மட்டக்குளி வாசி:
விண்ணப்பத்துக்கு ஒன்றும் இல்லை அக்கா. 2017 பெப்ரவரியில் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி ஏ4 போட்டோக் கொப்பி ஒரு பக்கம் 2 ரூபா, இரு பக்கமும் 4 ரூபா. முதல் நான்கு பக்கம் இலவசம். மின்னஞ்சலில் வருவதற்குக் கட்டணமில்லை. கோவையை நேரில் பார்ப்பது முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50. கோவை தடிப்பு என்றால் முதலில் பார்வையிடக் கேளுங்கள், வேண்டிய பக்கத்தைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் கொப்பி எடுக்கலாம்.

பதிவறை:
உள்ளே நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லாம் ஒளிப்பு அல்ல. தகவல் அலுவலர் என்பது பல இடங்களில் வேறு வேலையோடு சேர்த்துக் கொடுத்த பதவி. உங்கள் கடிதம் அவரிடமிருந்து பகுதித் தலைவருக்கு, அங்கிருந்து விடயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞருக்கு. கோவை கணக்காய்வுக்குப் போயிருக்கும், அல்லது அந்த எழுதுவினைஞர் இடமாற்றத்தில் போயிருப்பார். உங்களிடம் பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அதன் மேல் மூலையில் "எனது இல." என்று ஒரு இலக்கம் இருக்கும். அதை எழுதிவிட்டால் தேடல் பாதி முடிந்தது.

இன்னொரு சிக்கல் மூன்றாம் தரப்பு. பக்கத்து மாடிக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேட்டால் உரிமையாளரின் கருத்தையும் கேட்க வேண்டி வரலாம், அதில் நாள் போகும். ஆனால் ஒரு பக்கத்தில் தனிப்பட்ட விபரம் இருக்கிறது என்று முழுக் கோவையையும் மறுக்க முடியாது. 6ஆம் பிரிவின்படி அதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். கடிதத்திலேயே "மறுக்கும் பகுதி இருப்பின் பிரித்து மீதியைத் தரவும்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரி இருக்கும் கடிதத்துக்கு மொத்த மறுப்பு எழுத யாருக்கும் கை கூசும்.

வெள்ளவத்தை வாசகி:
தமிழில் கேட்டால் சிங்களத்தில் பதில் வருகிறதே?

கோவைப்பூச்சி:
கேட்கும் உரிமையும் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது, கொழும்புக்கும் பொருந்தும். நடைமுறையில் பதில் கடிதத்தையும் இணைத்த ஆவணத்தையும் பிரித்துப் பாருங்கள். பதில் கடிதம் தமிழில் வர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இணைத்த ஆவணம் சிங்களத்தில் இருந்தால் அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற காரணத்தில் ஆவணமே நின்று போவதுதான் வழக்கம்.

பதிவறை:
விலாசம் எழுதும்போது ஆளின் பெயரைப் போடாதீர்கள். இணையத்தளத்தில் இருக்கும் பெயர் மாறிப்போன ஆளுடையதாக இருக்கலாம். "தகவல் அலுவலர்" என்ற பதவிப் பெயர் போதும். அப்படி ஒருவரையே நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார்.

கேட்காமலே வெளியிட வேண்டியதும் உண்டு. உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு உதவியில் ஒரு இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டம் தொடங்கினால் மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும், இது 9ஆம் பிரிவு. உங்கள் வீதியில் பலகை நட்டுப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், விபரம் எங்கும் இல்லை என்றால், "9ஆம் பிரிவின் கீழ் வெளியிட்ட அறிவித்தலின் பிரதி" என்று அதை ஒரு ஆவணமாகவே கேளுங்கள். அறிவித்தலே போடவில்லை என்றால் அதை அவர்களே எழுத்தில் தர வேண்டி வரும்.